அந்த இரண்டு ஐந்துகளைக் கீழே போடுங்கள்

போக்கரில் மிக மோசமான கை எது என்று கேட்டால், ஏழும் இரண்டும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஏழும் இரண்டும் வந்தால் எவனும் யோசிப்பதில்லை. தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். யோசிக்காமல் தூக்கிப் போடும் சீட்டு யாரையும் அழித்ததில்லை. அழிப்பது வேறு கை. இரண்டு ஐந்துகள். இரண்டு மூன்றுகள். இரண்டு இரண்டுகள். கையில் எடுத்துப் பார்த்ததுமே ‘ஜோடி வந்துடுச்சு’ என்று மனசு ஒரு துள்ளு துள்ளுமே, அந்தக் கைகள்.

இந்தச் சின்ன ஜோடிகளை ஆடலாமா வேண்டாமா என்பது பற்றி ஆங்கிலத்தில் மலைபோல எழுதிக் குவித்திருக்கிறார்கள். தமிழிலும் இப்போது யூடியூப் குருமார்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “குறைந்த காசில் ஃப்ளாப்பைப் பாருங்கள், அடித்தால் ஜாக்பாட், அடிக்காவிட்டால் ஃபோல்ட் பண்ணிவிட்டுப் போங்கள்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் இந்த அறிவுரைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். சூதாட்டம் பாவம் என்ற இடத்திலிருந்து அல்ல. கணக்கு தப்பு என்ற இடத்திலிருந்து.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. டெக்ஸஸ் ஹோல்டம் என்ற வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காதபடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று ஒன்றாகத் திறக்கும், அது ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். கையில் வந்த இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் பாக்கெட் பேர். அதே எண் நடுவிலும் ஒன்று விழுந்தால் செட். செட் என்பது பெரிய ஆயுதம். எதிராளி கண்ணுக்குத் தெரியாத ஆயுதமும்கூட.

நான் ஆடுவது அறை நண்பர்களோடு மட்டும். எங்களுக்குப் புளியங்கொட்டைதான் சிப்ஸ். காசு வைக்காதவன் இதைப் பேசலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பேசலாம். 52 சீட்டுகளுக்குக் காசு வைத்திருக்கிறார்களா, கொட்டை வைத்திருக்கிறார்களா என்று தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இரண்டு மூன்றுகள் வந்து, முன்னால் ஒருவன் ஏற்றி, அடுத்தவன் அதற்கும் மேல் ஏற்றினாலும் கீழே வைக்க மாட்டான். “பேர் வந்துச்சுடா மச்சான், எப்படிடா போடுறது?” என்பான். புளியங்கொட்டைக்கே இந்த நிலைமை.

‘வந்துச்சு’ என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். பாக்கெட் பேர் சராசரியாக 17 கைக்கு ஒரு முறைதான் வரும். 1,326 விதமாக இரண்டு சீட்டு வரலாம், அதில் 78 மட்டுமே ஜோடி. ஆக, 16 முறை குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு 17வது முறை ஒரு ஜோடி. அது வெறும் சீட்டாகத் தெரிவதில்லை, இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததற்குக் கிடைத்த கூலியாகத் தெரிகிறது. முடிவை எடுப்பது கணக்கு அல்ல, சலிப்பு. சீட்டுக்கு நம் பொறுமை பற்றி எந்தத் தகவலும் கிடையாது.

சரி, ஃப்ளாப்புக்கு வருவோம். கையில் இரண்டு ஐந்து இருந்தால் மிச்சம் 50 சீட்டு. அதிலிருந்து மூன்று சீட்டு ஃப்ளாப்பாக விழ 19,600 வழிகள். அவற்றில் குறைந்தது ஒரு ஐந்தாவது இருப்பவை 2,304. நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. எட்டரை முறைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் என்ன நடக்கும்? ஐந்தைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃப்ளாப்பில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 98. அதாவது செட் விழாத ஃப்ளாப்பில் உங்கள் ஜோடி நடு மேசையைப் பார்த்துக் கூனிக் குறுகி நிற்கும். எதிரில் இருப்பவனிடம் அந்தப் பெரிய சீட்டின் ஜோடி இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

இப்போது ‘குறைந்த காசு’ என்பதைப் பார்ப்போம். பிளைண்ட் 5 ரூபாய், 10 ரூபாய். முன்னால் இருப்பவர் 30 என்று ஏற்றுகிறார். நீங்கள் இரண்டு ஐந்தோடு 30 கொடுத்துக் கால் செய்கிறீர்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். இதே காட்சி 17 முறை நடந்தால் இரண்டு முறை செட் அடிக்கும், 15 முறை அடிக்காது. அடிக்காத ஒவ்வொரு முறையும் நீங்கள் ரொம்ப ஒழுக்கமாக ஃபோல்ட் செய்துவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். போனது 450 ரூபாய். அதைச் சரிக்கட்ட, அடிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் 30க்கு மேல் 225 ரூபாய் கைக்கு வர வேண்டும். நடுவில் ஏற்கெனவே அவருடைய 30ம் பிளைண்ட் 15ம் கிடக்கிறது. ஆக 45. மிச்சம் 180 ரூபாயை அவர் ஃப்ளாப்புக்குப் பிறகு தானாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு முறை அல்ல, சராசரியாக ஒவ்வொரு முறையும். இது லாபத்துக்கு அல்ல, முதலுக்கு மோசமில்லாமல் எழுந்து போவதற்கு.

அவர் ஏன் வைக்க வேண்டும்? அவர் கையில் ஏஸும் கிங்கும் இருந்தால் மூன்றில் இரண்டு ஃப்ளாப்பில் அவருக்கு ஒன்றுமே விழாது. ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் செட்டுக்கு இருபது, முப்பது ரூபாய் கிடைக்கும். இரண்டு ஏஸ் இருந்தால் ஒருவேளை எல்லாவற்றையும் கொடுப்பார். ஆனால் இரண்டு ஏஸ் என்பது 221 கைக்கு ஒரு முறை வருவது. அப்புறம், அவரிடம் மொத்தமே 200 ரூபாய்தான் மிச்சம் இருக்கிறது என்றால்? ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அவருடைய முழுச் சொத்தையும் பிடுங்கினால்தான் உங்களுக்குச் சமன். எந்த ஊரில் நடக்கும் இது?

இதோடு முடியவில்லை. செட் அடித்தும் தோற்கும் நாட்கள் உண்டு. அவருக்குப் பெரிய செட் விழலாம். ஒரே கலரில் அவருக்கு ஐந்து சீட்டு சேரலாம். அப்படித் தோற்கும்போது 30 ரூபாயோடு போகாது. இருப்பது எல்லாம் போகும், ஏனென்றால் செட்டை யாரும் கீழே வைப்பதில்லை. பிறகு ரேக். ஜெயித்த பானையிலிருந்து மேசைக்காரன் எடுத்துக்கொள்ளும் பங்கு. பல இடங்களில் நூற்றுக்கு ஐந்து வரை, ஒரு உச்சவரம்போடு. சின்னப் பந்தய மேசைகளில் அந்த உச்சவரம்பு எட்டவே எட்டாது. அதனால் ஏழை மேசையில்தான் ரேக் கனமாக விழுகிறது.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. டேவிட் ஸ்க்ளான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ புத்தகத்தில் இம்ப்ளைடு ஆட்ஸ் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. இப்போது பானையில் இருப்பதை மட்டும் பார்க்காதே, பின்னால் வரப்போவதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்பது அதன் சாரம். சின்ன ஜோடிக்கு வக்காலத்து வாங்கும் எல்லாரும் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் அதே அத்தியாயத்தின் தலைப்பிலேயே ரிவர்ஸ் இம்ப்ளைடு ஆட்ஸ் என்றும் இருக்கிறது. பின்னால் வரப்போவது போல, பின்னால் போகப்போவதும் உண்டு. குருமார்கள் தலைப்பின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

“என்ன பாஸ், ஜோ கேடா தெரியாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். 2009 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட், லாஸ் வேகஸ். ஆளுக்கு 10,000 டாலர் கட்டி 6,494 பேர் ஆடிய போட்டி. இறுதி மேசையில் 21 வயதுப் பையன் ஜோ கேடா. இரண்டு மூன்றுகளோடு அவன் மொத்த சிப்ஸும் நடுவில் இருக்கிறது. எதிரில் ஜெஃப் ஷுல்மனிடம் இரண்டு ஜாக். ஃப்ளாப்பில் மூன்று விழுகிறது. பிறகு ஒரு கை. இவனிடம் இரண்டு இரண்டுகள், ஆன்ட்வான் சவூவிடம் இரண்டு குவீன். ஃப்ளாப்பில் இரண்டு விழுகிறது. பையன் 85 லட்சம் டாலருக்கு மேல் வென்றான். அதுவரை அந்தப் பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவன். அந்த வீடியோவை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். புல்லரிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த வீடியோ எதை நிரூபிக்கிறது? சின்ன ஜோடி பெரிய ஜோடியிடம் மாட்டினால் பிழைப்பது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. அடுத்தடுத்து இரண்டு முறை பிழைப்பது ஏறக்குறைய 28ல் ஒன்று. மிச்சம் 27 கேடாக்களுக்கு வீடியோ இல்லை. அவர்கள் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

கேடாவுக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். போட்டி ஆட்டத்தில் பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். சிப்ஸ் குறைந்தவன் காத்திருந்தால் கரைந்து போவான். அப்போது இருப்பதை எல்லாம் முதலிலேயே வைப்பதில் ஒரு தர்க்கம் உண்டு, எதிராளி பயந்து ஓடவும் வாய்ப்பு இருக்கிறது. ஏஸ்-கிங்குக்கு எதிராகக்கூட இரண்டு இரண்டுகள் ஐம்பதுக்கு ஐம்பதை ஒட்டி நிற்கும், ஐந்து சீட்டும் திறக்கும்வரை உள்ளே இருந்தால். ‘இருந்தால்’ என்பதுதான் விஷயம். சீட்டு முழுக்கத் திறக்கும்வரை இருப்பதற்கான விலையை அவன் முதலிலேயே கட்டிவிட்டான். நம்ம ஆள் 30 ரூபாய் கொடுத்து ஃப்ளாப்பை எட்டிப் பார்ப்பது வேறு வியாபாரம். அந்தக் கதையை இந்தக் கடையில் விற்கிறார்கள்.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. கணினி நிரல்கள் சின்ன ஜோடிகளை ஆடுகின்றனவே என்பார்கள். ஆடுகின்றன. கடைசியாகப் பேசும் இடத்தில், முன்னால் எல்லாரும் போய்விட்ட பிறகு, முதல் ஆளாக ஏற்றுவதற்கு இரண்டு ஐந்துகள் நல்ல கைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நிரல்கள், ஆறு பேர் மேசையில் முதல் இடத்தில் உட்காரும்போது இரண்டு இரண்டுகளையும் இரண்டு மூன்றுகளையும் பெரும்பாலும் கீழே போடுகின்றன. ரேக் கனமாக இருக்கும் மேசையில், ஒருவர் ஏற்றிய பிறகு சும்மா கால் செய்வதை இன்னும் குறைத்துக்கொள்கின்றன. அவை நமக்குச் சொல்வது, ஆடுவதுதான் விதிவிலக்கு என்று. நாம் கேட்டுக்கொள்வது, ஆடலாம் என்று.

என் கட்சி இதுதான். சின்ன ஜோடியை ஆடலாமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கையில் உள்ள சீட்டில் இல்லை. எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது, அவர் அதைக் கொடுக்கக்கூடியவரா என்பதில் இருக்கிறது. செட் விழும் வாய்ப்பு எனக்கும் உங்களுக்கும் கேடாவுக்கும் ஒன்றுதான், 19,600ல் 2,304. அதைத் திறமையால் 2,305 ஆக்க முடியாது. திறமை என்பது முழுக்க முழுக்க, யாரிடம் மாட்டினால் அவர் விடாமல் கொடுப்பார் என்று தெரிந்து வைத்திருப்பது. தன் ஜோடியைக் கீழே வைக்கத் தெரியாத ஒருவரைத் தேடி உட்காருவது.

இங்கேதான் எனக்கு அந்தத் ‘திறமை’ என்ற வார்த்தை மேல் கோபம் வருகிறது. போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்று நம் மாநிலத்தில் பல வருடமாக வழக்காடினார்கள். 2021ல் தமிழ்நாடு அரசின் தடையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இணைய ஆட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2022ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது, புதுச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிக்கொண்டே, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்ட அட்டவணையை மட்டும் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவதையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இத்தனை வருடமும் ஆட்ட நிறுவனங்கள் தரப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வாதம்: இது திறமை விளையாட்டு.

உண்மைதான், திறமை விளையாட்டுதான். எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வருடக்கணக்கில் ஆடினால் நன்றாக ஆடுபவர் ஜெயிப்பார். ஆனால் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வேண்டாமா? சதுரங்கத்தில் நீங்கள் திறமைசாலி என்றால் தோற்றவர் ஒரு ஆட்டத்தைத் தோற்கிறார், கைகொடுத்துவிட்டுப் போகிறார். போக்கரில் உங்கள் திறமை என்பது இன்னொருவரின் திறமையின்மையை ரூபாயாக மாற்றுவது. அந்த இன்னொருவர் மேசைக்கு வந்துகொண்டே இருந்தால்தான் திறமைசாலிக்குச் சம்பளம். அவரை வரவழைக்க என்ன செய்வது? ‘உன்னிடமும் திறமை இருக்கிறது’ என்று அவரிடமே விளம்பரம் செய்வது. செட்டுக்காகக் காத்திருப்பவன் தேடும் அந்த 200 ரூபாய்க்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியில் விளம்பரத்தைப் பார்த்த பையன்தான்.

அவனுக்கு யாரும் ஃபோல்ட் செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும். எல்லாரும் சின்ன ஜோடியைக் கீழே போட்டால் பானை சின்னதாகும், ரேக் குறையும். அதனால் ‘ஒழுக்கமாகத் தூக்கிப் போடு’ என்று எந்த விளம்பரமும் சொல்லாது. ‘உன் நேரம் வரும்’ என்றுதான் சொல்லும். அது அவ்வப்போது வரவும் செய்யும், எட்டரை முறைக்கு ஒரு முறை. பிரச்சினையே அதுதான். ஒருபோதும் அடிக்காத சீட்டாக இருந்தால் பத்து நாளில் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மறக்க முடியாத அளவுக்கு அடிக்கிறது, லாபம் வராத அளவுக்கு அடிக்கிறது.

வள்ளுவர் சூதுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கினார். அதில் என்னை எப்போதும் நிறுத்துவது அவர் ஆரம்பிக்கும் இடம். தோல்வியைச் சொல்லி அவர் பயமுறுத்தவில்லை. முதல் குறளிலேயே வெற்றியைத்தான் தூண்டில் முள் என்கிறார். பெரியவர்கள் மேற்கோள் காட்டிக் காட்டி அந்தக் குறளை உபதேசமாக்கிவிட்டார்கள். எனக்கு அது உபதேசமாகத் தெரியவில்லை, ஆட்டத்தின் பொறிமுறையை விளக்கும் குறிப்பாகத் தெரிகிறது. தோற்றவன் எழுந்து போய்விடலாம். ஒருமுறை மூன்று ஐந்துகளால் இரண்டு ஏஸை வீழ்த்தியவன் எழவே மாட்டான். அந்த ஒரு கையை நூறு பேரிடம் சொல்வான். நடுவில் போன 30, 30, 30 ரூபாய்களை யாரிடமும் சொல்ல மாட்டான், ஏனென்றால் அவற்றில் கதை இல்லை.

நம் தலைமுறையிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. போக்கரை வாழ்க்கைக்கு உவமையாக்கி இன்ஸ்டாகிராமில் போடுவது. காத்திரு, சின்னதாக முதலீடு செய், உன் ஃப்ளாப் வரும். ‘சின்னச் செலவுதானே’ என்ற சொல்லில் பாதி மாதச் சம்பளம் போவதை நான் பார்த்திருக்கிறேன், போக்கரிலும் போக்கருக்கு வெளியிலும். விலை குறைவு என்பதாலேயே ஒரு நம்பிக்கை மலிவாகிவிடாது. எத்தனை முறை வாங்குகிறோம் என்பதையும், அடித்த அன்று எதிர்ப்பக்கத்தில் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துத்தான் விலை.

ஆகவே, நண்பர்களோடு கொட்டை வைத்து ஆடும்போது இரண்டு ஐந்துகள் வந்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள். ஒன்று, நான் கொடுக்கப்போவதைப் போலக் குறைந்தது பதினைந்து, இருபது மடங்கு எதிராளியிடம் இருக்கிறதா? இரண்டு, அவர் அதை விடாமல் கொடுக்கும் ஆளா? மூன்று, எனக்குப் பின்னால் இன்னும் யாராவது ஏற்றக் காத்திருக்கிறாரா? முதல் இரண்டுக்கும் ஆமாம், மூன்றாவதுக்கு இல்லை என்றால் ஆடுங்கள், ஃப்ளாப்பில் ஐந்து விழாவிட்டால் மறுபேச்சில்லாமல் கீழே வையுங்கள். ஒன்றுக்காவது பதில் தெரியவில்லை என்றால் ஃப்ளாப் வரைகூடப் போக வேண்டாம்.

காசு வைக்கச் சொல்லும் திரையில் இந்த மூன்றில் இரண்டாவது கேள்விக்குப் பதிலே கிடையாது. எதிரில் இருப்பது ஒரு பொய்ப்பெயரும் ஒரு பொம்மைப் படமும். அவர் கொடுப்பவரா வாங்குபவரா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எந்த ரகம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அவர் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பவர். அங்கே இரண்டு ஐந்துகளை மட்டும் கீழே வைத்தால் போதாது, கைபேசியையும் சேர்த்து வையுங்கள். இதைச் சொன்னால் எங்கள் அறை நண்பன் சிரிக்கிறான். “அப்போ எப்படா மச்சான் ஆடுறது?” என்கிறான். முக்கால்வாசி நேரம் ஆடாமல் இருப்பதற்குப் பெயர்தான்டா போக்கர் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவன் இன்னும் நம்பவில்லை. அவனிடம் இருப்பது புளியங்கொட்டை என்பதால் நான் கவலைப்படவில்லை.